பாதித் தளையை அறுத்த மன்னர்

1352-ஆம் ஆண்டின் தொடக்கம். கொரியத் தீபகற்பத்தை ஆண்ட கொர்யோ அரசின் தலைநகரான கேசாங்கில், புதிதாக அரியணை ஏறியிருந்த 21 வயது மன்னர், மங்கோலிய முறைப்படி பின்னியிருந்த தம் சடையை அவிழ்த்தார். உடுத்தியிருந்த மங்கோலிய உடையையும் களைந்தார். முன்னோர் கைக்கொள்ளாத கோலம் மன்னருக்கு ஏற்றதன்று என அதிகாரி ஒருவர் துணிந்து எடுத்துரைத்ததைக் கேட்டு மகிழ்ந்து அவர் இவ்வாறு செய்தார் என்று பழைய வரலாற்றேடு கூறுகிறது. முக்கால் நூற்றாண்டாகக் கொர்யோ மன்னர்கள் தங்கள் தலையில் சுமந்த அடிமைச் சின்னம் அது.

அந்த மன்னரின் பெயர் கொங்மின். 1351 முதல் 1374 வரை ஆண்டவர். உலகின் மிகப் பெரிய பேரரசின் பிடியிலிருந்து தம் நாட்டை விடுவித்தவர் என்று கொரியர்கள் இன்றும் அவரை நினைவுகூர்கின்றனர். ஆனால், அவர் வாழ்க்கை வெற்றிக் கதையாக முடியவில்லை. மங்கோலியரை எதிர்த்து வென்ற அவரால், தம் நாட்டு உழவனின் நிலத்தை அவனிடம் மீட்டுக் கொடுக்க இயலவில்லை. அது ஏன் என்று ஆராய்வதில், அரசியல் விடுதலை குறித்தும் பொருளாதார விடுதலை குறித்தும் நாம் அறிந்துகொள்ள வேண்டிய பாடம் ஒன்று உள்ளது.

மருமகன் நாடு

மங்கோலியப் படைகள் கொர்யோவுக்குள் முதன்முதலில் நுழைந்தது 1231-இல். அடுத்த ஆண்டே அரசவை கங்வா தீவுக்கு இடம்பெயர்ந்தது. குதிரைப்படையால் எளிதில் கடக்க முடியாத குறுகிய கடற்பகுதி அரசவையைக் காத்தது. நிலப்பரப்பில் விடப்பட்ட மக்களைக் காக்க எவருமில்லை. ஏறத்தாழ 30 ஆண்டுகள் நாடு சூறையாடப்பட்ட பின்னர்ப் பட்டத்து இளவரசர் குப்ளாய் கானை நேரில் சந்தித்துப் பணிந்தார். 1270-இல் அரசவை தலைநகருக்குத் திரும்பியது. 1274-இல் குப்ளாயின் மகள் கொர்யோ இளவரசருக்கு மணமுடிக்கப்பட்டார். அதன் பின்னர் கொர்யோ யுவான் பேரரசின் 'மருமகன் நாடு' ஆயிற்று.

இந்த உறவு கொர்யோவுக்கு ஒரு வகையில் பாதுகாப்பையும் தந்தது. சீனப் பெருநிலம் முழுவதும் மங்கோலியரின் நேரடி ஆட்சிக்குள் வந்தபோது, கொர்யோவுக்குத் தனி மன்னரும் தனி அரசவையும் எஞ்சின. ஆனால், அதற்கு அது கொடுத்த விலை பெரிது. 1274-இலும் 1281-இலும் ஜப்பான் மீது குப்ளாய் தொடுத்த தோல்வியுற்ற படையெடுப்புகளுக்குக் கப்பல்களையும் மாலுமிகளையும் வீரர்களையும் உணவையும் கொர்யோ வழங்க நேர்ந்தது. ஜின்செங் வேரும் வேட்டைக்குப் பழக்கிய வல்லூறுகளும் இளம்பெண்களும் அரண்மனைப் பணிக்கான அண்ணகர்களும் திறையாகச் சென்றனர். வடகிழக்கில் சாங்சோங் என்ற நிலப்பகுதி 1258 முதல் மங்கோலியர் வசம் இருந்தது. கொங்மினுக்கு முன் ஆண்ட ஆறு மன்னர்களின் பட்டப்பெயர்களும் 'சுங்' என்ற சொல்லில் தொடங்கின. விசுவாசம் என்பது அதன் பொருள். யாரிடத்து விசுவாசம் என்பதை விளக்க வேண்டியதில்லை.

மன்னரை அமர்த்துவதும் நீக்குவதும் யுவான் தலைநகரின் முடிவாக இருந்தது. கொங்மினின் அண்ணனும் மன்னராக இருந்தவர்தான். 1343-இல் யுவான் தூதர்கள் வந்து அவரைக் கைதிபோல் இழுத்துச் சென்றனர். தென்சீனத்துக்கு நாடுகடத்தப்பட்ட அவர், போகும் வழியிலேயே 1344-இல் இறந்தார். அவர் கொடுங்கோலர் என்பதில் ஐயமில்லை. ஆயினும் ஒரு நாட்டின் மன்னரை இன்னொரு நாட்டின் ஏவலர்கள் கட்டி இழுத்துச் செல்ல முடிந்தது என்பதே அன்றைய கொர்யோவின் நிலை.

தாதூவில் பத்தாண்டுகள்

1330-இல் பிறந்த கொங்மின், 1341-இல், பதினொரு வயதில், யுவான் தலைநகரான தாதூவுக்கு அனுப்பப்பட்டார். இன்றைய பெய்ஜிங் நகரமே அன்றைய தாதூ. கொர்யோ இளவரசர்கள் பேரரசரின் மெய்க்காவல் அணியில் பணிபுரிவது வழக்கம். பெயருக்கு அது பெருமை; உண்மையில் பிணை. அங்கு அவருக்கு பயான் தெமூர் என்ற மங்கோலியப் பெயரும் இருந்தது. அண்ணன் இறந்த பிறகு அண்ணனின் எட்டு வயது மகனும், அவனுக்குப் பின் இன்னொரு சிறுவனும் அரியணையில் அமர்த்தப்பட்டனர். கொங்மின் இரு முறையும் புறக்கணிக்கப்பட்டார். 1349-இல் அவர் மங்கோலிய அரச குடும்பத்தைச் சேர்ந்த ஓர் இளவரசியை மணந்தார். வரலாறு அவரை நோகுக் இளவரசி என்று அறிகிறது. 1351-இல் சிறுவன் நீக்கப்பட்டு, கொங்மின் மன்னராக்கப்பட்டார். தங்கள் பெண்ணை மணந்தவர், தங்கள் கண்முன்னே வளர்ந்தவர், தங்களுக்கு அடங்கி நடப்பார் என்று யுவான் அரசவை எண்ணியிருக்க வேண்டும்.

ஆனால், தாதூவில் வாழ்ந்த அந்தப் பத்தாண்டுகள் அவருக்கு வேறொன்றைக் கற்றுத் தந்திருந்தன. வெளியிலிருந்து பார்ப்போருக்கு வெல்ல முடியாததாகத் தோன்றிய பேரரசு, உள்ளே பதவிப் போட்டியாலும் பஞ்சத்தாலும் கலகங்களாலும் உளுத்துக்கொண்டிருந்ததை அவர் அருகிலிருந்து கண்டார். 1354-இல் சீனக் கலகக்காரர்களை ஒடுக்க உதவுமாறு கொர்யோவிடமே யுவான் படைகேட்டது. சென்று திரும்பிய தளபதிகள் கொண்டுவந்த செய்தி, மன்னரின் கணிப்பை உறுதிப்படுத்தியது.

அக்காலத்தில் கொர்யோவில் மன்னரை விடச் செல்வாக்கு மிக்க குடும்பம் ஒன்று இருந்தது. கொர்யோவிலிருந்து யுவான் அரண்மனைக்கு அனுப்பப்பட்ட கி குலத்துப் பெண் ஒருத்தி, பேரரசர் தோகோன் தெமூரின் அன்பைப் பெற்று, 1340-இல் இரண்டாம் பேரரசியாக உயர்ந்தார். அவர் மகனே பட்டத்து இளவரசன். திறைப் பெண்ணாகச் சென்றவர் பேரரசியானது வியப்புக்குரிய வாழ்க்கைதான். ஆனால், அதன் பயனை அறுவடை செய்தவர்கள் கேசாங்கில் இருந்த அவருடைய உடன்பிறந்தவர்கள். அவர்களின் தலைவராக விளங்கியவர் அண்ணன் கி சோல். பிறர் நிலத்தைப் பறித்தாலும் அவர்களைக் கேட்பார் இல்லை.

1356-இன் கோடையில் கொங்மின் அரண்மனையில் ஒரு விருந்துக்கு அழைப்பு விடுத்தார். விருந்துக்கு வந்த கி சோலும் அவருடைய கூட்டாளியும் வெட்டிக் கொல்லப்பட்டனர். அதே காலத்தில் யுவான் பேரரசின் நீதி விசாரணை அலுவலகம் மூடப்பட்டது. யாலு ஆற்றை நோக்கி ஒரு படையும், சாங்சோங்கை நோக்கி மற்றொரு படையும் புறப்பட்டன. சாங்சோங்கில் மங்கோலியரின் கீழ்ப் பணியாற்றிவந்த யி ஜாசுன் என்ற உள்ளூர்த் தலைவர் கொர்யோவின் பக்கம் சேர்ந்தார். ஏறத்தாழ நூறு ஆண்டுகள் இழந்திருந்த நிலம் மீண்டது. யுவானின் ஆண்டுக் கணக்கு கைவிடப்பட்டது. தரம் தாழ்த்தப்பட்டிருந்த பழைய அரசுப் பதவிப் பெயர்கள் திரும்பின. சில மாதங்களில் 80 ஆண்டு அடிமைத்தனத்தின் சட்டகம் சரிந்தது.

யுவான் பெரும்படையை அனுப்புவதாக மிரட்டியபோது, யாலு ஆற்றைக் கடந்து போரிட்ட தம் தளபதி இன் தாங்கின் தலையை வெட்டி, பிழை அவருடையது என்பதுபோல் மன்னர் சமாதானம் செய்துகொண்டார். தளபதி செய்தது மன்னரின் கட்டளையைத்தான். நாட்டு விடுதலையின் கணக்கில் இப்படிப்பட்ட செலவுகளும் எழுதப்பட்டன.

நம்பிக்கை இழந்த அரியணை

அடுத்து வந்த எட்டு ஆண்டுகள் எந்த மன்னரையும் உடைத்துப் போடத் தக்கவை. யுவானை எதிர்த்துச் சீனத்தில் எழுந்த செந்தலைப்பாகைக் கலகக்காரர்கள், துரத்தப்பட்டு கொர்யோவுக்குள் புகுந்தனர். 1361-இல் இரண்டாம் முறை வந்தவர்களின் எண்ணிக்கை ஒரு லட்சத்துக்கு மேல் என்று பழைய ஏடு கணக்கிடுகிறது. தலைநகர் வீழ்ந்தது. மன்னரும் இளவரசியும் கடுங்குளிரில் தெற்கே ஆண்டோங் வரை ஓடினர். வழியில் ஓர் ஓடையைக் கடக்க, ஊர்ப் பெண்கள் வரிசையாகக் குனிந்து நின்று, தங்கள் முதுகுகளையே இளவரசிக்குப் பாலமாக்கினர் என்பது மரபு. இன்றும் ஆண்டோங் பெண்கள் அதை ஆடலாக நிகழ்த்துகின்றனர். மங்கோலியப் பெண்ணான அவரை மக்கள் அந்நியராக எண்ணவில்லை என்பதற்கு அந்த நினைவே சான்று.

1362-இல் தலைநகரை மீட்ட தளபதியை, மன்னரின் நெருங்கிய உதவியாளர் கிம் யோங் பொறாமையால் போலிக் கட்டளை ஒன்றை உருவாக்கி, மற்ற மூன்று தளபதிகளைக் கொண்டே கொல்லச் செய்தார். பிறகு அந்தக் கொலைக் குற்றத்துக்காக அந்த மூவரும் கொல்லப்பட்டனர். நாட்டைக் காத்த நால்வரும் சில வாரங்களில் இல்லாமற் போயினர். 1363-இல் அதே கிம் யோங், மன்னர் தங்கியிருந்த மடாலயத்துக்குள் கொலையாளிகளை ஏவினார். மன்னரைப் போன்ற தோற்றமுடைய அண்ணகர் ஒருவர் மன்னரின் படுக்கையில் படுத்து, அவருக்காக உயிர் துறந்தார். மன்னர் ஒளிந்திருந்த அறையின் வாயிலில் நோகுக் இளவரசி உட்கார்ந்துகொண்டார். மங்கோலிய அரச குலத்துப் பெண்ணைத் தாண்டி உள்ளே நுழைய எவரும் துணியவில்லை. அண்ணன்மாரை இழந்த கி பேரரசியின் தூண்டுதலால் யுவான் அரசவை கொங்மினை நீக்கி, வேறொருவரை மன்னராக அறிவித்து, ஏறத்தாழ 10,000 வீரர்களை அனுப்பியது. 1364-இன் தொடக்கத்தில் சே யோங்கும், யி ஜாசுனின் மகன் யி சோங்கேயும் அப்படையை முறியடித்தனர்.

கிம் யோங் தாதூவில் மன்னருடன் இருந்தவர். 1352-இல் கலகம் செய்து கொல்லப்பட்ட இன்னொருவரும் தாதூ நாள்களின் தோழரே. பிணையாக வாழ்ந்த காலத்தில் தமக்கு நெருக்கமாயிருந்தவர்களே தம்மைக் கொல்ல வந்ததை மன்னர் மறக்கவில்லை. பெருங்குடும்பங்கள் ஒன்றையொன்று மறைத்துக் காக்கும். படைத்தலைவர்கள் வெற்றிக்குப் பின் ஆபத்தானவர்கள். கற்றறிந்தோர் தங்கள் ஆசிரியர்-மாணவர் வட்டத்துக்குள் அடங்கியவர்கள். இதுவே அவர் அடைந்த முடிவு. இந்த முடிவே அவருடைய பெரும் சீர்திருத்தத்தைப் பிறப்பித்தது. அதைக் கொன்றதும் இதுவே.

நிலமும் மனிதரும்

கொர்யோவின் நோய் நிலத்தில் இருந்தது. அரசு தன் அதிகாரிகளுக்கும் படைவீரர்களுக்கும் ஊதியமாக, குறிப்பிட்ட நிலங்களிலிருந்து வரியைத் திரட்டிக்கொள்ளும் உரிமையை அளித்துவந்தது. பணி முடிந்ததும் அந்த உரிமை அரசுக்குத் திரும்ப வேண்டும். அது திரும்பவில்லை. தந்தையிடமிருந்து மகனுக்குச் சென்றது. செல்வாக்கு மிக்கோர் பக்கத்து நிலங்களையும் தம் உரிமையென்று எழுதிக்கொண்டனர். ஒரே வயலுக்குப் பலர் உரிமை கோரி, உழவனிடம் ஒவ்வொருவரும் தனித்தனியே வரி வாங்கினர். தாங்க முடியாத உழவன் கடன்பட்டான். கடைசியில் ஏதேனும் ஒரு பெருங்குடும்பத்தின் அல்லது மடாலயத்தின் அடிமையாகத் தன்னை ஒப்படைத்தான்.

அடிமை அரசுக்கு வரி செலுத்துவதில்லை, படையில் சேர்வதில்லை, அரசின் கட்டாயப் பணிகளுக்கு வருவதுமில்லை. எனவே, சுதந்திர உழவன் ஒருவன் அடிமையாகும் ஒவ்வொரு முறையும் அரசு ஒரு வரிசெலுத்துவோனையும் ஒரு வீரனையும் இழந்தது. எஞ்சியிருந்தோர் மீது சுமை கூடியது. அதனால் இன்னும் பலர் அடிமைகளாயினர். தன்னைத் தானே வளர்த்துக்கொள்ளும் இந்தச் சுழல், எந்தப் படையெடுப்பையும் விட உறுதியாக ஓர் அரசைத் தின்னக்கூடியது.

மங்கோலிய ஆதிக்கம் இந்த நோயை உருவாக்கவில்லை. நிலங்களையும் மனிதர்களையும் மீட்கும் சிறப்பு அலுவலகம் 1269-லேயே அமைக்கப்பட்டது. பின்னரும் பலமுறை அமைக்கப்பட்டு, பலமுறை தோற்றது. ஆனால், நோய்க்குக் காவலாக நின்றது அந்த ஆதிக்கம். 1347-இல் நிலப்பறிப்புக்காகக் கைதான கி குலத்தவர் ஒருவர் சிறையில் இறந்தபோது, விசாரித்த அதிகாரிகளையே யுவான் அலுவலகம் சிறையில் அடைத்தது. 1356-இல் அந்தக் காவல் அகன்றது. இனி நோயைத் தீர்ப்பதற்குத் தடை இல்லை என்றே எவரும் எண்ணியிருப்பர்.

1365-இல் நோகுக் இளவரசி மகப்பேற்றின்போது இறந்தார். மணமாகி 16 ஆண்டுகளுக்குப் பின் காத்திருந்து கிடைத்த குழந்தையும் பிழைக்கவில்லை. அதே ஆண்டில் மன்னர், ஷின் தொன் என்ற புத்தத் துறவியிடம் ஆட்சிப் பொறுப்பை ஒப்படைத்தார். ஷின் தொன்னின் தாய் ஒரு மடாலயத்தின் அடிமை. அவருக்குக் குலமில்லை, கட்சியில்லை, காக்க வேண்டிய சொத்துமில்லை. அதனாலேயே மன்னர் அவரைத் தேர்ந்தார்.

1366-இல் நிலத்தையும் மனிதரையும் மீட்கும் அலுவலகம் ஷின் தொன்னின் தலைமையில் மீண்டும் திறக்கப்பட்டது. பறித்த நிலங்களையும் அடிமையாக்கிய மக்களையும் தலைநகரில் இருப்போர் 15 நாள்களிலும், மாகாணங்களில் இருப்போர் 40 நாள்களிலும் தாமாகவே விடுவிக்க வேண்டும். விடுவிப்போர் மீது பழைய குற்றம் சுமத்தப்படாது. கெடு தாண்டினால் தண்டனை. ஆணை எளிமையானது, நடைமுறை அறிந்தோர் வகுத்தது. பலர் அஞ்சித் திருப்பிக் கொடுத்தனர். அடிமைகள் விடுதலை பெற்றனர். ஞானி ஒருவர் பிறந்துவிட்டார் என்று அவர்கள் ஷின் தொன்னைக் கொண்டாடியதை, அவரைத் தூற்றும் வரலாற்றேடே பதிவு செய்துள்ளது. 1367-இல் சோங்கியுங்வான் என்ற உயர்கல்விக்கூடம் புதுப்பிக்கப்பட்டு, அறிஞர் யி சேக் அதன் தலைவரானார். பிற்காலத்தில் கொரியாவின் போக்கை மாற்றிய ஒரு தலைமுறை அங்கு உருவாயிற்று.

ஆனால், எல்லாம் ஒரு மனிதரின் செல்வாக்கையும், அந்தச் செல்வாக்கு ஒரு மன்னரின் மனநிலையையும் நம்பி நின்றன. நாடு முழுவதும் நிலத்தை அளந்து புதிய பதிவேடு எழுதப்படவில்லை. பழைய பதிவேடுகள் பெருங்குடும்பங்களிடமே இருந்தன. விடுதலை பெற்ற உழவனுக்கு அந்த நிலம் அடுத்த ஆண்டும் தன்னுடையதாக இருக்கும் என்பதற்கு உறுதி ஏதுமில்லை. ஷின் தொன்னும் அதிகாரத்தின் சுவையில் மயங்கினார் என்று ஏடு குற்றம் சாட்டுகிறது.

மன்னரோ மனைவியின் நினைவில் கரைந்துகொண்டிருந்தார். தேர்ந்த ஓவியரான அவர், இறந்த மனைவியின் உருவத்தை வரைந்து, அதற்கெதிரே அமர்ந்து உணவருந்தினார் என்பர். அவருக்காக எழுப்பிய நினைவு மண்டபம் சிறியதென்று இடித்து மாற்றப்பட்டது. கருவூலம் வற்றியது, கட்டுமானத்தில் தொழிலாளர்கள் மாண்டனர். ஒரு கையால் அடிமைகளை விடுவித்த அரசு, மறுகையால் உழவர்களை மரம் இழுக்க அழைத்தது. 1371-இல் ஷின் தொன் மீது துரோகக் குற்றம் சுமத்தப்பட்டது. மன்னர் விசாரணையின்றியே அவரை நாடுகடத்திக் கொல்லச் செய்தார். தாம் உயர்த்தியவரைத் தாமே வீழ்த்திய அந்த நாளில் சீர்திருத்தமும் முடிந்தது.

முடிவும் அதன் பிறகும்

இதற்கிடையில் 1368-இல் சீனத்தில் மிங் அரசு எழுந்தது; யுவான் பேரரசர் வடக்கே ஓடினார். கொங்மின் 1370-இல் மிங்கின் ஆண்டுக் கணக்கை ஏற்றார். பேரரசு மாறியது, கோரிக்கைகள் மாறவில்லை. 1374-இல் மிங் 2,000 குதிரைகள் கேட்டது. ஜேஜு தீவின் மங்கோலிய மேய்ப்பர்கள் தர மறுக்கவே, சே யோங்கின் தலைமையில் பெரும் கடற்படை அங்கு சென்றது. தலைசிறந்த தளபதி தலைநகரில் இல்லாத அந்த இலையுதிர்காலத்தில் ஓரிரவு, அரண்மனை இளைஞர் காவலணியைச் சேர்ந்தவர்களும் ஓர் அண்ணகரும் சேர்ந்து மன்னரைப் படுக்கையிலேயே வெட்டிக் கொன்றனர். அப்போது அவருக்கு வயது 44.

அவருடைய இறுதி ஆண்டுகளைப் பற்றி நாம் அறிபவை பெரும்பாலும், கொர்யோவை வீழ்த்திய ஜோசோன் அரசின் அறிஞர்கள் 1451-இல் முடித்த வரலாற்றிலிருந்து வருபவை. கொங்மினின் வாரிசு அவர் மகனல்லன், ஷின் தொன்னின் மகன் என்று நிறுவுவதில் அந்த அரசுக்கு ஆதாயம் இருந்தது. எனவே, மன்னரின் ஒழுக்கக்கேடுகள் பற்றிய கதைகளை அளந்தே ஏற்க வேண்டும். நிலப்பிரச்சினை பற்றிய செய்திகளுக்கு மட்டும் அந்த ஐயம் தேவையில்லை. அதற்கான சான்று அடுத்த 20 ஆண்டுகளில் கிடைத்தது.

சாங்சோங்கில் மன்னரின் பக்கம் சேர்ந்த தலைவரின் மகன் யி சோங்கே, 1388-இல் படையைத் திருப்பித் தலைநகரைக் கைப்பற்றினார். சோங்கியுங்வானில் உருவான தலைமுறையினர் சிலர் அவருடன் நின்றனர். அவர்கள் முதலில் நிலத்தை அளந்தார்கள். 1390-இல் பழைய நிலப் பதிவேடுகள் கேசாங் வீதியில் குவித்து எரிக்கப்பட்டன. தீ பல நாள்கள் அணையவில்லை என்கிறது ஏடு. 1391-இல் புதிய நிலச்சட்டம் வந்தது. விளைச்சலில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் வாங்கக் கூடாது என்றும், ஒரு வயலுக்கு ஒருவரே வரி வாங்கலாம் என்றும் வரையறுக்கப்பட்டது. புதிய சட்டமும் உழவனுக்குப் பொன்னுலகைத் தரவில்லை. அடிமை முறையும் நீடித்தது. ஆயினும் கொங்மின் ஆணையால் செய்ய முயன்றதை அவர்கள் பதிவேட்டால் செய்தனர். 1392-இல் கொர்யோ மறைந்தது.

அந்நிய ஆட்சியை அகற்ற ஒரு கோடைக்காலமும் துணிவும் போதுமானவையாக இருந்தன. அந்த ஆட்சியின் நிழலில் வேரூன்றிய உள்நாட்டு நலன்களை அகற்ற அளவுகோலும் கணக்கேடும் நேர்மையான அலுவலர்களும், மன்னர் மறைந்தாலும் மறையாத விதிகளும் தேவைப்பட்டன. எவரையும் நம்ப இயலாத மனிதரால் அவற்றைக் கட்டியெழுப்ப முடியவில்லை. கொங்மினின் சோகத்தைக் காதல் துயரமாக மட்டும் சொல்வது எளிது. விடுதலை பெற்ற நாடுகள் பலவும் தடுக்கி விழுந்த இடத்தில்தான் அவரும் விழுந்தார் என்பதே பெரிய உண்மை.

கேசாங்குக்கு அருகே மலைச்சரிவில் இரு கல்லறை மேடுகள் அருகருகே உள்ளன. ஒன்றில் நோகுக் இளவரசி. மற்றதில், தமக்கென முன்னரே கட்டிக்கொண்ட இடத்தில், கொங்மின். 2013-இல் யுனெஸ்கோ அறிவித்த கேசாங் மரபுச் சின்னங்களில் அவையும் அடங்கும். சியோலில் ஜோசோன் மன்னர்களை வழிபடும் ஜோங்மியோ ஆலயத்திலும் கொங்மினுக்கு ஒரு சிறிய சன்னதி உண்டு. அங்குள்ள ஓவியத்தில் மன்னரும் இளவரசியும் சேர்ந்து அமர்ந்திருக்கின்றனர். அவருடைய குலத்தை அழித்து எழுந்த அரசு, தன் முன்னோர் ஆலயத்துக்குள்ளேயே அவருக்கு இடமளித்தது. அவர் பாதியில் விட்ட பணியிலிருந்தே தாங்கள் தொடங்கினோம் என்பதை அவர்கள் அறிந்திருந்தனர் போலும்.